செருப்பு வாங்கி வைக்கும் இடம்

கியாக்தான்
ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சி பவானிக்கு,

மூர்த்தி அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை கூசுகிறது. போனில் என் எண்ணை நீ அடைத்துவிட்டாய் என்று தெரிகிறது. அதனால்தான் கடிதம். லோஞ்சித் துணி வியாபாரத்துக்கு வாராவாரம் யாங்கோனிலிருந்து இங்கே வருகிற ரஹீமாக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் உங்கள் பபேடான் தெருவிலேயே இருப்பதால் பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். உன்னைத் தவிர அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பது இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் வசதியாகப் படுகிறது.

நடந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் என் மனசு ஒரு இடத்தில் உட்காரும்.

மீத்து டெங்குவில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் நம் முனீஸ்வரருக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நீ. சீக்கிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், பிறக்கிற பிள்ளையின் தலையில் கத்தரி படாது என்று கல்யாணத்தன்று குருத்வாராவில் மாமியாருக்கு வாக்குக் கொடுத்தவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அதையெல்லாம் மறந்துவிட்டாய். பயத்தில் வேண்டியது, அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். "பள்ளிக்கூட லீவுக்கு அவனை அங்க அனுப்பறேன், பங்குனித் திருவிழாவுல முடிச்சிடுங்கண்ணா, தலையில புண்ணு வந்து டாக்டர் எடுக்கச் சொன்னாருன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றதும் நீதான். தாய்மாமன் என்று மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டவன் நான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

இந்த வைசாகிக்கே பிள்ளைக்கு முதல் தலைப்பாகை கட்டுகிறோம், தாய்மாமனும் கூட வர வேண்டும் என்று தல்பீர் மாப்பிள்ளை போன் செய்வார் என்று யார் கண்டது? அன்று காலை நீ கியாக்தானுக்கு விழுந்தடித்துக்கொண்டு வந்தாய். முதலில் விழா முடியட்டும், புண் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாய். கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய பள்ளிக்கூடச் சாக்ஸை உருட்டி வைத்து, மேலே பட்காத் துணியை இறுக்கிக் கட்டினாய். பார்த்தால் அசல் கொண்டைதான். நான்கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது என்னைக் குத்துகிறது.

பர்மியத் தண்ணீர்த் திருவிழா திங்யானும் சீக்கியரின் வைசாகியும் ஒரே நாளில் வந்தால் யாரைக் குறை சொல்வது. குருத்வாரா வாசலில் இறங்கும்போதே தெருப் பிள்ளைகள் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். உள்ளே முற்றத்தில் கொடிமரத்தின் பழைய காவித் துணியை அவிழ்த்து, கம்பத்தைப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணி அரித்திருக்கும், பிள்ளை தானே பிடித்து இழுத்துவிட்டான். சாக்ஸ் உருண்டுபோய்ப் பால் தண்ணீரில் உன் மாமியார் பீஜியின் காலடியில் நின்றது.

"யார் பண்ணது இது?" என்று பீஜி கேட்டார். நீ ஒரு மூச்சுகூட யோசிக்காமல் என்னைக் கைகாட்டினாய். "எங்கண்ணன். எனக்குத் தெரியாம பண்ணிட்டாரு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் அண்ணன் என்று கூப்பிடுகிற மாப்பிள்ளை, "இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க, கோ மூர்த்தி" என்றார். தெருவில் போகிற பர்மாக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற லங்கர் உள்ளே ஆரம்பமாகியிருந்தது. சப்பாத்தி வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நான் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

நீ உண்மையைச் சொல்ல வேண்டாம். நீ அந்த வீட்டில் வாழ வேண்டியவள், எனக்குப் படித்துறையில் கடை இருக்கிறது, ஆற்று நடுவில் தீவுப் பகோடாவில் புத்தரைக் கும்பிடப் படகேறுகிறவர்கள் மீனுக்குப் போடப் பொரி உருண்டை வாங்கத்தான் போகிறார்கள். என் பெயர் கெட்டால் மீன் கோபித்துக்கொள்ளாது. மீத்துவை மட்டும் எப்போதாவது கண்ணில் காட்டு. எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

அண்ணன்,
விநாயகமூர்த்தி


யாங்கோன்
மே 4

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் எதற்காக வந்தீர்கள்? அவர் கூப்பிட்டால் வயிற்று வலி என்று சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் கைகாட்ட ஆளில்லாமல் நான் வாயடைத்து நின்றிருப்பேன். மாட்டியிருப்பேன். ஒருவேளை அதுவே நல்லதாக இருந்திருக்கும். இப்படி நானே எழுதிவிட்டு, நானே உங்கள் மேல் எரிந்து விழுகிறேன். பாருங்கள் என் லட்சணத்தை.

பீஜியைப் பற்றி உங்களுக்கு முழுதாகத் தெரியாது. உங்கள் மாப்பிள்ளையின் அண்ணன் மலேசியாவுக்குப் போன இடத்தில் முடியை வெட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பினார் அல்லவா? பீஜி அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை, திருப்பி மாட்டிவைத்தார். இன்றைக்கும் கூடத்தில் படத்தின் முதுகுதான் தெரிகிறது. போன பிள்ளைக்குப் பதில் இந்தப் பேரன் என்று இருந்தவர். காலையில் மரச்சீப்பால் மீத்துவின் முடியை வாரிக் கொண்டை போட்டுவிடுவது அவர் வேலை. இப்போதும் அந்த நேரத்துக்குச் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருகிறார். மீத்து பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுகிறார்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பரிதாபப்படுகிறார்கள். "கூடப் பொறந்தவனே இப்படிச் செஞ்சா நீ என்னம்மா பண்ணுவே" என்று குருத்வாராவில் பெண்கள் என் தோளைத் தடவுகிறார்கள். நானும் தடவக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஒருத்தி எனக்காக அழவே அழுதாள். அவளுக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மீத்துவை அனுப்ப முடியாது. உங்கள் மாப்பிள்ளை சம்மதிக்க மாட்டார். நீங்கள் எழுதவும் வேண்டாம். எழுதினால் இப்படித்தான் ஏதாவது பதில் வரும்.

பவானி

அவனுடைய சிவப்புப் பந்து உங்கள் கடையில் இருக்கிறதாம். கேட்டுக்கொண்டே இருக்கிறான்.


கியாக்தான்
மே 12

பவானிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதமில்லை, பந்தோடு போகிற சீட்டு. பந்து கடைப் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் எலி கடித்திருக்கிறது, மாமா கடிக்கவில்லை என்று சொல்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது இருக்கிறது, மத்தியானம் வியாபாரத்தில் மறந்துபோகிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. கோயில் பூசாரி என்னைப் பார்த்து, "வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். வேறென்ன சொல்வது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வராதே என்றுதான் சொன்னார். குருத்வாராப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லவில்லையே? உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். சும்மா கேட்டு வைக்கிறேன்.

முடி முளைக்க ஆரம்பித்துவிட்டதா?

அண்ணன்


யாங்கோன்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன். மழை விடுவதாயில்லை, கரண்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சொன்னதை இப்படிக் கறாராகக் கேட்கிற ஆளில்லையே நீங்கள்.

மீத்துவுக்கு முடி நன்றாக முளைத்திருக்கிறது. ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெருவில் பர்மியப் பெண்கள் அவனைப் பார்த்ததும், சின்னப் பிக்குவாகி மடத்தில் இருந்துவிட்டு வந்தானா என்று கேட்டு, எனக்குப் புண்ணியம் சேர்ந்துவிட்டதாக வாழ்த்தினார்கள். ஒருத்தி அவன் கையில் வாழைப்பழம் கொடுத்துக் கும்பிட்டாள். நான் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னேன். சொன்ன பொய்யோடு சொல்லாத பொய்யும் எனக்கு வந்து சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குருத்வாராவுக்குப் போவதை விட்டுவிட்டேன். தலைவலி என்கிறேன். அந்தப் பெண்களின் கையை என் தோளில் வாங்க முடியவில்லை. பீஜிதான் மீத்துவைக் கூட்டிக்கொண்டு போகிறார். ஆச்சரியம் என்னவென்றால் முன்பெல்லாம் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும், இப்போது ஞாயிறு விடிந்தால் அவனே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று இவருக்குச் சந்தோஷம். போன வாரம் சட்டைப் பையில் பொரி உருண்டையோடு வந்தான். எங்கே கிடைத்தது என்றால் சிரிக்கிறான். அதைப் பார்த்ததும் உங்கள் கடை ஞாபகம் வந்துவிட்டது. பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு நானே தின்றேன்.

உங்கள் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் வாயெடுத்தேன். சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. முகம் தெரியாவிட்டால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "ஏங்க" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. என்ன என்றார். சாதம் போடட்டுமா என்று கேட்டேன்.

வாக்கை மீறியவள் நான்தான் என்று தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள் என்று பயமில்லை அண்ணா, ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்தப் படத்தைத் திருப்பிய மாதிரி என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை நினைத்தால்தான் நாக்கு எழவில்லை.

பவானி


கியாக்தான்
செப்டம்பர் 6

அன்புள்ள பவானிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஞாயிறுகளில் கடை திறப்பதில்லை, வேறு வேலை இருக்கிறது. அதனால்தான் எழுத நேரம் கிடைக்கவில்லை.

சொல்ல முடியவில்லை என்றால் சொல்லாதே. நான் கேட்கவில்லையே. பீஜிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, குனியவே சிரமப்படுகிறார். மாப்பிள்ளையிடம் சொல்லி நல்ல டாக்டரிடம் காட்டச் சொல். மீத்துவின் இடது ஷூ பிடிக்கிறது, ஒரு அளவு பெரிதாக வாங்கு.

அண்ணன்


யாங்கோன்
நவம்பர் 9

அண்ணா,

பீஜியின் முழங்காலும் மீத்துவின் ஷூவும் கியாக்தானில் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். ரஹீமாக்கா சொல்லியிருப்பார் என்று என் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

குருநானக் பிறந்தநாளுக்குத் தலைவலிச் சாக்கு செல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நல்ல கூட்டம். செருப்பு வாங்கி வைக்கிற இடத்தில் பலகைக்குப் பின்னால் தலையில் காவித் துணி கட்டிக்கொண்டு ஒருவர் குனிந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கின கையில் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. படகுக் கயிற்றில் மாட்டி நசுங்கிய நகம். உங்கள் நகம்.

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் செருப்பின் அடியைத் துணியால் துடைத்தீர்கள். டோக்கனைக் கொடுத்தீர்கள். பின்னாலிருந்து மீத்து "மாமா, என்னுது" என்று தன் ஷூவை நீட்டினான், தினமும் பார்க்கிறவரிடம் நீட்டுகிற மாதிரி. பீஜி அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கடாப் பிரசாத அல்வா வாங்கினேன், நெய் கையெல்லாம் ஒட்டியது, அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது அந்தப் பலகைப் பக்கம் வர முடியாமல் பின்வாசல் வழியாக வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். கேட்டவரிடம் செருப்பு அறுந்துவிட்டது என்றேன்.

எவ்வளவு நாளாக இது நடக்கிறது? நான் செய்ததற்கு நீங்கள் ஊர்ச் செருப்பெல்லாம் துடைக்கிறீர்களா? யார் உங்களை இதைச் செய்யச் சொன்னது? என்னைப் பழிவாங்க வேண்டும் என்றால் நேரே வந்து ஒரு அறை விட்டிருக்கலாம். அது வலித்துவிட்டு நின்றிருக்கும்.

பவானி


கியாக்தான்
நவம்பர் 16

அன்புள்ள பவானிக்கு,

உன் செருப்பு என்னிடம் இருக்கிறது. அறுந்தது என்று நீ சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே என்று வார் ஒன்றை அறுக்கப் பார்த்தேன், நல்ல செருப்பு, மனசு வரவில்லை. ரஹீமாக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பெரிய மனிதனாக ஆக்கிவிடாதே. நடந்தது இதுதான். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, மீத்துவைத் தெருவில் நின்று தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று வந்தேன். அங்கே நின்றால் சந்தேகப்படுவார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் ஆளில்லை. உட்கார்ந்துவிட்டேன். குருத்வாராவில் கிரந்தம் படிக்கிற பாயிஜி வந்து பார்த்தார். அன்றைக்கு மொட்டை விஷயத்தில் நின்றவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "செய்ங்க, சேவைதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லாரும் நான் தண்டனையாகச் செய்கிறேன் என்று நினைத்து மரியாதை கொடுக்கிறார்கள். நான் பிள்ளையின் ஷூவைக் கையில் வாங்குவதற்காக மற்றவர்களுடையதையும் வாங்குகிறேன். அவ்வளவுதான். அதைச் சேவை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சொல்லாதே என்று பிள்ளையிடம் சொன்னவர் பீஜி. ஏன் என்று எனக்குத் தெரியாது. தன் செருப்பைத் தரையில் கழற்றிப் போடாமல் என் கையிலேயே கொடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நீ வந்து நின்றபோது கொலுசுச் சத்தத்திலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. நிமிராதது கோபத்தினால் இல்லை. நான் அங்கே என்ன திருட்டு வேலை பார்க்கிறேன் என்பது உனக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் நிமிரவில்லை. பழிவாங்குகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது.

அண்ணன்


யாங்கோன்
மார்ச் 24

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிர்காலம் முழுக்க நான் எழுதவில்லை. எழுதாதது மட்டுமில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் குருத்வாராவுக்கு வந்தேன், நீங்கள் முன்வாசலில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தே சமையல்கட்டுப் பக்கத்துப் பின்வாசல் வழியாக வந்தேன். உள்ளே பாத்திரம் கழுவினேன், சப்பாத்தி தேய்த்தேன். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதைச் சுற்றிக்கொண்டு வர எனக்குக் கால் இல்லை. இதை நீங்கள் கண்டுபிடித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வைசாகிக்கு மீத்துவுக்குத் தலைப்பாகை கட்டலாம் என்று போன வாரம் இவர் சொன்னார். மறுநாள் காலையில் பீஜி சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீத்து பக்கத்தில் போனான். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வாரினார். கையில் பிடிக்க முடி இருக்கிறது அண்ணா, முடிந்தால் ஒரு பாக்கு அளவுக்குக் கொண்டை வருகிறது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சாக்ஸை எடுத்து என் கையில் வைத்தார். துவைத்து, அன்றைக்கு நான் உருட்டின மாதிரியே வைத்திருந்தார். "ஜோடியா வாயை மடிச்சு உள்ள சொருகி உருட்டறது இந்த வீட்டுல நீ ஒருத்திதான். கொடிமரத்தடியில பார்த்தப்பவே தெரியும்" என்றார். அவர் பர்மிய மொழியில்தான் சொன்னார், எனக்குத் தமிழில் கேட்டது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டுதல், ஆஸ்பத்திரி, உங்களிடம் நான் சொன்ன திட்டம், எல்லாம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்த ஆள் மேல குத்தம் இல்லன்னு தெரிஞ்சே வாராவாரம் என் செருப்பை அவர் கையில கொடுத்தேன். நீ வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. கோபத்துல நானும் கொடுத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு என்ன மரியாதை இருக்கு?" என்றார். அந்த வயதில் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை, மீத்துதான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தான்.

அன்று சாயங்காலம் உங்கள் மாப்பிள்ளையிடம் நானே சொன்னேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் சில நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். "அண்ணனைக் கைகாட்டினது எல்லார் முன்னாலயும். சொல்றதும் எல்லார் முன்னாலயும் சொல்லு." நியாயம்தான். வரும் ஞாயிறு கீர்த்தனை முடிந்ததும் சபையின் முன்னால் கைகூப்பி நின்று சொல்லப் போகிறேன். தோளைத் தடவின பெண்களெல்லாம் முன்வரிசையில் இருப்பார்கள்.

எனக்கு ஒரு சேவை கொடுங்கள் என்று பாயிஜியிடம் போய்க் கேட்டேன். வைசாகி வரைக்கும், வைசாகியன்றும், செருப்பு வாங்கி வைக்கிற வேலை வேண்டும் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "அங்க ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் எழுந்தாத்தானே" என்றார்.

எழுந்திருங்கள் அண்ணா. அது என் இடம்.

உங்கள் தங்கச்சி,
பவானி


கியாக்தான்
ஏப்ரல் 10

அன்புள்ள பவானிக்கு,

அந்த ஞாயிறு நீ பேசியதை நான் வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டேன். கையில் யாருடையதோ ஷூ இருந்தது, முடியும் வரை கீழே வைக்கத் தோன்றவில்லை. "எங்கண்ணனுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கல, ஆனா எல்லாம் நான் சொல்லித்தான் நடந்தது" என்று பர்மிய மொழியில் நீ சொன்னாய். உள்ளே சின்னப் பெண் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் வெளியே வந்த பெண்களில் இரண்டொருவர் உன்னைப் பார்க்காமல் போனதை நான் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய்.

நீ முன்வாசல் வழியாக வந்து என் எதிரில் நின்றாய். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. துடைக்கிற துணியை உன்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. இதையும் சொல்லி வைக்கிறேன்.

மாப்பிள்ளை நேற்றுக் கடைக்கே வந்திருந்தார். ஒரு சாயா குடித்தார். மீன்களுக்குப் பொரி உருண்டை போட்டார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. கிளம்பும்போது, தலைப்பாகைத் துணி நீளமானது, மடிக்கும்போது ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனையை இழுத்துப் பிடிக்க ஒருவர் வேண்டும், அது தாய்மாமன்தான் என்று பீஜி சொல்லிவிட்டார் என்றார். படகு ஏறுகிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. "வர்றேன் மாப்பிள்ளை" என்றேன். "வாங்கண்ணா" என்றார்.

பிடித்துக்கொள்கிறேன். போன முறை அவன் தலையை மொட்டைக்குப் பிடித்த அதே கைதான்.

வைசாகியன்று வருகிறவர்களில் நானும் ஒருவனாக முன்வாசல் வழியாகத்தான் வருவேன். திங்யான் தண்ணீரில் நனைந்துதான் வருவேன். புதுச் செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கடைத்தெரு வரை போனேன். வாங்காமல் வந்துவிட்டேன். வார் ஒட்டுப்போட்டு, படித்துறைச் சேறு ஏறிய பழைய செருப்புதான். உன் கையில் கொடுக்கும்போது நான் உன்னை நிமிர்ந்து பார்க்க மாட்டேன், நீயும் பார்க்காதே. அடியைத் துடைத்துவிட்டு டோக்கனை மட்டும் கொடு.

அண்ணன்,
மூர்த்தி